தூரமா என்று கேட்கிற ஊரிலிருந்து

மஞ்சக்குப்பம், கடலூர்
பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் வினோதினிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. எனக்குச் சர்க்கரை நூற்று நாற்பதில் நிற்கிறது, முழங்கால் படி ஏறும்போது மட்டும் வலிக்கிறது, மற்றபடி குறை ஒன்றும் இல்லை. ஜெர்மனியில் அந்த எர்ஃபுர்ட் பனியிலும் நைட் டூட்டியிலும் நீ உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கிறாயா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். பொங்கல் கழிந்த மறுநாள் நீ பேச்சை நடுவில் துண்டித்தாய். அதற்குப் பிறகு நான் எது அனுப்பினாலும் 'சரி' என்று ஒரு சொல் வருகிறது. தெருவில் குழாய் உடைந்தது என்று எழுதினால் சரி, ரத்தப் பரிசோதனை செய்தேன் என்றால் சரி. கடிதம் என்றால் நீ இஷ்டப்படும் போது பிரித்துப் படித்துக்கொள்ளலாம், என் குரலைக் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அன்றைக்கு நீ கேட்டது உன் அம்மாவின் கூறைப்புடவையை. மே மாதக் கல்யாணத்துக்கு அதைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறேன், எங்கே இருக்கிறது என்று கேட்டாய். அது அம்மாவோடவே போய்விட்டது என்றேன். "போயிடுச்சா, இல்ல குடுக்க மனசு இல்லயா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். அந்தக் கேள்வியை நான் தினமும் சாப்பிடும்போது எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். உனக்கு அப்படிக் கேட்கக் காரணம் இருந்தது. ராபர்ட்டைப் பற்றி நீ சொன்ன நாளிலிருந்து நான் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மதம் வேறு என்று நான் ஒரு வார்த்தை பேசவில்லை, பேச வேண்டியதை எல்லாம் சொந்தக்காரர்கள் எனக்கும் சேர்த்துப் பேசிவிட்டார்கள். எனக்கு ஆறாதது வேறு. அக்டோபர் மாதம் பேங்கில் பாஸ்புக்கில் என்ட்ரி போட வரிசையில் நிற்கிறேன், பின்னாலிருந்து ஓர் அம்மா, "சம்பந்தி, நல்லாருக்கீங்களா? நாந்தான் ஓல்டு டவுன் ஆரோக்கியம்மாள், ராபர்ட்டு அம்மா. கண்ணாடி போட்டதுல அடையாளமே தெரியல, வினோதினி காட்டுன போட்டோவுல நீங்க இன்னும் கொஞ்சம் செவப்பா இருந்தீங்க" என்கிறார். சம்பந்தி என்கிற சொல்லை நான் அங்கே, கேஷியர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோரும் திரும்பிப் பார்க்கத்தான் முதலில் கேட்டேன். நீ அன்று மாலை போன் செய்து சொன்னாய், மாலைதான் சொன்னாய். நான்கு மணி நேரம் பிந்திவிட்டாய் என்பதற்கு நான் நான்கு மாதம் எடுத்துக்கொண்டேன். என் கணக்கு எப்போதும் அப்படித்தான் என்று உனக்குத் தெரியும். ஹெட்மாஸ்டர் நாற்காலியில் என்னைத் தாண்டிப் போய் உட்கார்ந்த ராஜவேலுக்கு ஒன்பது வருஷமாக நான் வணக்கம் சொல்வதில்லை. எதிர்வீட்டுக்காரர் நம் வாசலில் மணல் கொட்டியது நீ பத்தாவது படிக்கும்போது.

ஆனால் புடவை விஷயத்தில் நான் பொய் சொல்லவில்லை அம்மா. எனக்கு நிஜமாகவே தெரியாது. நம் வீடுகளில் சுமங்கலியாகப் போகிறவளுக்குக் கூறைப்புடவையைக் கட்டித்தான் அனுப்புவார்கள். அன்றைக்கு நீ கூடத்தில் மயங்கிக் கிடந்தாய், நான் எங்கே நின்றேன் என்றுகூட எனக்கு நினைவில்லை, சிவப்பாக ஒரு பட்டு தெரிந்தது, அவ்வளவுதான். அது அதுதான் என்று வைத்துக்கொண்டேன். அதற்கு மேல் கேட்க வேண்டுமானால் ஓர் ஆளைத்தான் கேட்க வேண்டும், அவளுக்குக் குளிப்பாட்டிப் புடவை கட்டிய உன் அத்தை விருத்தாம்பாளை. அக்காவோடு நான் பேசி ஆனி வந்தால் ஆறு வருஷம்.

ஏன் என்பது உனக்குப் பாதிதான் தெரியும். உன் அம்மாவைப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன காலை, நீ சென்னையில் ஹாஸ்டலில் இருந்தாய். காரில் தலையணை வைத்து அவளைச் சாய்த்துப் படுக்க வைத்துவிட்டு நான் முன்னால் ஏறுகிறேன், முந்தின நாளே வந்து தங்கியிருந்த அக்கா சமையற்கட்டிலிருந்து ஈரக்கையோடு ஓடி வந்து, "எங்கடா கூட்டிக்கிட்டுப் போற?" என்று கத்திவிட்டாள். கிளம்புகிற ஆளைப் பார்த்துத் 'தூரமா' என்று கேட்டுப் பழகிய ஊர் நம்முடையது. தப்பித் தவறி 'எங்கே' என்று யாராவது கேட்டுவிட்டால் செருப்பைக் கழற்றி உள்ளே வந்து, உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி இறங்குவோம். அன்றைக்கு இறங்கித் தண்ணீர் குடிக்க நேரம் இல்லை. மூன்றாம் நாள் அவள் இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து இலை எடுக்கும்போது, பத்துப் பேர் நடுவில் அக்காவைப் பார்த்து, "உன் வாய்தான் கொன்னுச்சு" என்றேன். நான் சரித்திரத்தில் எம்.ஏ. படித்தவன், முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்குக் காரண காரியம் சொல்லிக்கொடுப்பவன். அக்கா கையைக் கழுவிக்கொண்டு பையை எடுத்துக்கொண்டு சேத்தியாத்தோப்புக்குப் போய்விட்டாள். அவள் பதில் சொல்லாததையே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொண்டது எனக்கு வசதியாக இருந்தது.

இப்போது நீ சிரிக்கிற மாதிரி ஒரு சங்கதி சொல்கிறேன். நான் ஜெர்மன் படிக்கிறேன். நவம்பரில் நீ கல்யாணத்துக்கு வரச் சொல்லும்போது, நீங்கள் வந்து இறங்குகிற அன்று எனக்கு டூட்டி மாற்ற முடியாது, ஃபிராங்க்ஃபுர்ட்டில் இறங்கி நீங்களே ரயில் ஏறி வாருங்கள், தெரியாவிட்டால் யாரையாவது கேளுங்கள் என்றாய். நான் யாரையும் கேட்க மாட்டேன் என்றேன். கேட்காமல் போவதற்காகத்தான் போர்டு படிக்கவாவது கற்றுக்கொள்வோம் என்று சேர்ந்தேன். கடலூரில் சேர்ந்தால் யாராவது பார்த்து விசாரிப்பார்கள் என்று சிதம்பரத்தில், தெற்கு வீதியில் ஒரு துணிக்கடை மாடி. சனி ஞாயிறு காலை வகுப்பு. பதினான்கு பேர், பதின்மூன்று பேரும் நர்சிங் முடித்த பெண்கள், பதினான்காவது நான். சொல்லித்தருகிறவள் சிந்துஜா என்று ஒரு பெண், உன் வயதுதான், அங்கே இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டுக் கல்யாணத்துக்காகத் திரும்பி வந்தவள். போர்டு படிக்கலாம் என்று போனவனுக்கு முதல் பாடமே எது எங்கே இருக்கிறது என்று கேட்பதுதான். வோ இஸ்ட் டெர் பான்ஹோஃப், ஸ்டேஷன் எங்கே. வோ இஸ்ட் டி அபோடேகே, மருந்துக்கடை எங்கே. வாரக்கணக்காக எங்கே, எங்கே, எங்கே. 'தூரமா' என்று கேட்க அந்தப் புத்தகத்திலும் ஒரு வரி இருக்கிறது, ஆனால் அது எங்கே என்று கேட்ட பிறகுதான் வருகிறது.

வழி சொல்கிற பாடத்தில் நான் மாட்டிக்கொண்டேன். கீழ சன்னதியில் நிற்கிறாய் என்று வைத்துக்கொள், பஸ் ஸ்டாண்டுக்கு வழி சொல் என்றாள் சிந்துஜா. நான் அகராதி பார்த்து எழுதி வைத்திருந்த சொற்களை வைத்து, கிழக்கே போ, அப்புறம் தெற்கே திரும்பு என்று ஜெர்மனில் சொன்னேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஸார், அங்க யாரும் கெழக்க மேக்கன்னு சொல்ல மாட்டாங்க, லெஃப்ட்டு ரைட்டுதான். நவம்பர்ல போனீங்கன்னா சூரியனே வராது, எத வச்சு கெழக்கக் கண்டுபுடிப்பீங்க?" என்றாள். பின்னால் ஒருத்தி, "ஸாருக்குக் கோபுரத்தையும் சேத்து பார்சல் பண்ணணும் மிஸ்" என்றாள். பதின்மூன்று பெண்களும் சிரித்தார்கள், எனக்கும் சிரிப்பு வந்தது. நம் வீட்டில் சிரித்து நாளாகிவிட்டதால் அந்தச் சத்தம் பழகவில்லை, இருமலாக மாற்றிக்கொண்டேன்.

வீட்டிலும் பயிற்சி செய்ய வேண்டுமாம், பொருள்களை எடுத்து இங்கும் அங்கும் வைத்து, கேட்டுப் பதிலும் சொல்லிப் பார்க்க வேண்டுமாம். என் கண்ணாடி எங்கே, பீரோ மேல். சாவி எங்கே, கதவுக்குப் பின்னால். மாலை ஸ்கூல் விட்டு வந்து ஆறு மணி வாக்கில் கூடத்தில் நின்றுகொண்டு நானே கேட்கிறேன், நானே பதில் சொல்கிறேன். உனக்கு நினைவிருக்கும், இருபத்தைந்து வருஷம் இந்த வீட்டில் எங்கே என்று கேட்க மட்டும்தான் எனக்குத் தெரியும். என் பனியன் எங்கே, டார்ச் எங்கே, கரண்ட் பில் எங்கே. அவள் அடுப்படியிலிருந்து தலையைக்கூடத் திருப்பாமல், "டிவி பொட்டிக்குப் பின்னாடி, நேத்து நீங்கதான் வச்சீங்க" என்பாள். அவள் போன பிறகும் ஒன்றிரண்டு மாதம் வாய் தானாகக் கேட்டுவிடும். பிறகு அது நின்றுவிட்டது. இப்போது ஜெர்மனில் மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். பதில் தெரிந்த கேள்வியை உரக்கக் கேட்பது முதலில் கூச்சமாக இருந்தது, இப்போது அந்த அரை மணி நேரத்துக்காகவே வீட்டுக்குச் சீக்கிரம் வருகிறேன் என்று சொன்னால் நீ வருத்தப்படாதே.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அன்று சிந்துஜா ஒவ்வொருவரையும் நிற்க வைத்து, முன்பின் தெரியாத ஆளிடம் வழி கேட்பது போல் கேட்கச் சொன்னாள். அங்கே யாரிடமும் எடுத்த எடுப்பில் எங்கே என்று கேட்கக் கூடாதாம், முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். என்ட்ஷுல்டிகுங் என்று சொல்லி, அவர் நின்று நம் முகத்தைப் பார்த்த பிறகுதான் கேள்வி. என் முறை வந்தது. நான் எழுந்து ஸ்டேஷன் எங்கே என்று கேட்டேன். மன்னிப்பு என்றாள். மறுபடி கேட்டேன், மறுபடி அது விட்டுப்போயிற்று. மூன்றாவது தடவையும் நாக்கு நேராக எங்கே என்பதற்குத் தாவியது. "ஸார், எல்லாம் சரியா கேக்குறீங்க, அந்த மன்னிப்ப மட்டும் முழுங்கிடுறீங்க. அது இல்லாம கேட்டா அவுங்க நிக்காம போயிக்கிட்டே இருப்பாங்க" என்றாள். அவள் பாடத்தைத்தான் சொன்னாள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

வகுப்பு முடிந்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். கடலூர் பஸ் நின்றுகொண்டிருந்தது, கண்டக்டர் என்னைப் பார்த்துப் பழகினவர், "வாங்க வாத்தியாரே, ஜன்னல் சீட்டு இருக்கு" என்று கூப்பிட்டார். நான் அடுத்த வரிசையில் நின்ற சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் ஏறினேன். புவனகிரி தாண்டும் வரை இறங்கிவிடலாம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். சேத்தியாத்தோப்பில் இறங்கினால், அக்கா வீடு மாறிப் போய் நாலு வருஷமாகிறது என்பது மட்டும் தெரியும், எந்தத் தெரு என்று தெரியாது. பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் போய், நம் மாமா இளவரசு வீடு எங்கேங்க என்று கேட்டேன். "எந்த இளவரசு? ரைஸ்மில் இளவரசா, கால் ஒடஞ்ச இளவரசா?" என்றார் டீ ஆற்றிக்கொண்டே. எனக்குத் தெரியவில்லை வினோதினி. என் சொந்த அக்கா புருஷனுக்குக் கால் உடைந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா பெயரைச் சொன்னேன். "அப்ப கால் ஒடஞ்சவருதான். தெக்கால போயி ரெண்டாவது சந்து, மேக்கால பாத்த வீடு, வாசல்ல வாக்கர் இருக்கும். நீங்க யாரு, சொந்தமா?" என்றார். தம்பி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, தெரிந்தவர் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

அக்காதான் கதவைத் திறந்தாள். முடி முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள், எப்படி வந்தாய், எதற்கு வந்தாய் என்று எதுவும் கேட்கவில்லை, "வா" என்றாள். மாமா கட்டிலில் சாய்ந்திருந்தார். "யாரு, மச்சானா? சித்திரையில மாடிப்படியில உருண்டேன், நீ வந்து பாப்பேன்னு கால பத்து மாசமா நீட்டியே வச்சிருக்கேன்" என்றார். அவர் எப்போதும் அப்படித்தான். சாதம் போட்டாள், மத்தி மீன் குழம்பு. சாப்பிட்டுக் கைகழுவின பிறகும் நான் சொல்ல வந்ததைச் சொல்ல முடியவில்லை. மன்னித்துக்கொள் என்று தமிழில் உடன்பிறந்தவளிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கு யாரும் பழக்கிவிடவில்லை. கடைசியில் வகுப்பில் மூன்று தடவை வராத அந்தச் சொல்தான் வந்தது. என்ட்ஷுல்டிகுங் என்றேன். "என்னாடா அது, மாத்திர பேரா?" என்றாள். ஜெர்மன்காரர்கள் ஒன்று எங்கே என்று கேட்பதற்கு முன்னால் இப்படி மன்னிப்புக் கேட்பார்கள் அக்கா என்றேன். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி, கேட்டுட்ட. என்னா எங்கன்னு கேக்க வந்த?" என்றாள்.

கேட்டேன். அவள் எழுந்து உள்ளே போனாள். கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது. வெள்ளை வேட்டித் துண்டில் சுற்றி, வசம்பு போட்டு, உன் அம்மாவின் கூறைப்புடவை, அரக்கு நிறம், மஞ்சள் கரை, தாலி கட்டும்போது விழுந்த எண்ணெய்ச் சொட்டு முதற்கொண்டு அப்படியே இருக்கிறது. வருஷா வருஷம் ஆடியில் எடுத்து நிழலில் காயவைத்து, மடிப்பு மாற்றி மடித்து வைத்திருக்கிறாள், ஒரே மடிப்பில் கிடந்தால் ஜரிகை விட்டுவிடுமாம். அப்படியானால் அன்று உன் அம்மாவுக்குக் கட்டியது எது என்று கேட்டேன். மாமாதான் சொன்னார், "அவளோடதுடா. வண்டி எடுத்துக்கிட்டுப் போயி நாந்தான் கொண்டாந்து குடுத்தேன்." தன் சாவுக்கென்று வைத்திருந்த தன் கூறையை எடுத்து உன் அம்மாவுக்குக் கட்டி அனுப்பியிருக்கிறாள். "பொண்ணு ஒருத்தி இருக்கா, அவ கல்யாணத்துக்கு அவ அம்மா பொடவ வேணாமா? எனக்கு எதக் கட்டுனா என்னா, நான் என்னா பாக்கவா போறேன்?" என்றாள் அக்கா. பதினாறாம் நாள் என் கையில் கொடுக்கத்தான் பையில் எடுத்து வைத்திருந்தாளாம். "நீ வாயத் தொறக்க உட்டாத்தான" என்றாள். அன்று அவள் எடுத்துக்கொண்டு போன பையில் இந்தப் புடவைதான் இருந்திருக்கிறது.

நான் கிளம்பினேன். புடவையை மடியில் வைத்திருக்கிற பிள்ளை போல் அணைத்துக்கொண்டு செருப்பை மாட்டினேன். அக்கா வாசல் வரை வந்தாள், வந்து வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு நின்றாள். அழுகிறாள் என்று நினைத்தேன். உள்ளேயிருந்து மாமா, "அவ ஒண்ணும் சொல்ல மாட்டா மச்சான். ஆறு வருஷமா வாசப்படி தாண்டுற ஒருத்தரையும் ஒரு வார்த்த கேக்கறதில்ல. கடைக்குப் போற என்னயக்கூட எங்கன்னும் கேக்க மாட்டா தூரமான்னும் கேக்க மாட்டா" என்றார். தெருமுனை வரை போய்விட்டேன். திரும்பிப் பார்த்தால் அதே மாதிரி பொத்திக்கொண்டு நிற்கிறாள். திரும்பி வந்தேன். கேளுக்கா என்றேன். தலையை ஆட்டினாள். எங்கே போகிறாய் என்று கேள் அக்கா, நீ கேட்காமல் நான் இந்தப் படியை விட்டு நகர மாட்டேன் என்றேன். அவள் கையை எடுத்துவிட்டு, "எங்கடா போற?" என்றாள். வினோதினி கல்யாணத்துக்குப் போகிறேன் என்றேன். அதைச் சொல்கிற வரைக்கும் நான் போகப்போகிறேன் என்பது எனக்கே தெரியாது. அப்புறம் வழக்கப்படி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். தண்ணீர் கொடுத்தவள் காபியும் போட்டாள். பஸ் போய்விட்டது, அடுத்ததற்குக் காத்திருக்கிற நேரத்தில் உன் சின்ன வயதுக் கதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தோம்.

புடவை இப்போது பீரோவில் இல்லை, என் பெட்டியில் இருக்கிறது, மேலே ஒன்றும் வைக்கவில்லை. தபாலில் அனுப்ப எனக்கு மனம் இல்லை, நானே கொண்டு வருகிறேன். நேற்று ஆரோக்கியம்மாளை வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன், அவரும் நானும் ஒரே விமானத்தில் வருவதாகப் பேசிக்கொண்டோம். "வழி கேக்கறதெல்லாம் சம்பந்தி பாத்துக்குவாரு" என்று இப்போதே அவர் தெருவெல்லாம் சொல்லிவிட்டார். விசாவுக்கு என்ன காகிதம் வேண்டும் என்று எழுது. ராபர்ட்டுக்கு என் ஆசியைச் சொல், நான்கு மாதம் தாமதம் என்றும் சொல்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் சொன்னதை ஒருவர் காதில் வாங்கிக்கொண்டு நீண்ட நாள் வாழ வேண்டும். நைட் டூட்டியில் வெறும் காபியில் ஓட்டாதே. அத்தைக்கு இந்த வாரத்திலேயே போன் செய், நம்பரைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். இன்னொன்று மறக்காதே. நான் வந்து இறங்குகிற அன்று நீ டூட்டியை மாற்ற வேண்டாம், ஸ்டேஷனை நான் கேட்டுக் கண்டுபிடித்துக்கொள்கிறேன். முன்பெல்லாம் நீ போன் செய்தால் சாப்பிட்டீங்களா என்றுதான் கேட்பாய், மாத்திரை போட்டீங்களா என்று கேட்பாய், நல்லதுதான். அன்றைக்கு மட்டும், வேலைக்கு நடுவில் ஒரு நிமிஷம் கிடைத்தால், போன் செய்து எங்கே இருக்கீங்க அப்பா என்று கேள். அதை என்னிடம் யாரும் கேட்டு ரொம்ப நாள் ஆகிவிட்டது.

உன் வரவுக்காக அல்ல, உன்னிடம் வருவதற்காக நாள் எண்ணிக்கொண்டிருக்கும்
அப்பா,
பெ. ராஜமாணிக்கம்